ஸ்டேஷன் சாலைப் பள்ளிக்கூடமும் எங்கள் வீட்டு மூவரும்

(சங்கத்தின் பொன்விழாவை ஒட்டி நடைபெற்ற கல்வி இரவில் ஆற்றிய உரை)





கல்லாவுக்குப் பின்னால் நின்று பேசிப் பழகியவர்கள் நாங்கள். ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்பது இது இரண்டாவது தடவை. முதல் தடவை பள்ளிக்கூடத்தில் திருக்குறள் ஒப்புவிக்கும் போட்டி. மூன்றாவது குறளில் மறந்துபோய் மேடையை விட்டு இறங்கிவிட்டோம். அந்த அனுபவத்தால் இன்று எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறோம்.

'நம் பிள்ளைகளும் கல்வியும்' என்று செயலாளர் தலைப்புக் கொடுத்தார். அது பெரிய தலைப்பு. அதைப் பேச ஆலிம்களும் பேராசிரியர்களும் இருக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பள்ளிக்கூடம்தான். தைப்பிங் ஸ்டேஷன் சாலையில் இருக்கும் கிங் எட்வர்ட் தேசிய இடைநிலைப்பள்ளி. முழுப் பெயர் ஏழாம் எட்வர்ட் மன்னர் பள்ளி. ஊரில் அந்த ஏழை யாரும் சொல்வதில்லை. அந்தப் பள்ளியைப் பற்றியும், அதன் வாசலில் எங்கள் குடும்பம் நின்ற விதத்தைப் பற்றியும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

'நாங்கள்' என்று சொல்வது மரியாதைக்காக அல்ல. ஒரே கடையின் பின்கட்டில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்த நான்கு பையன்கள் நாங்கள். பெரியத்தா மகன் ஒருவர், எங்கள் அத்தாவின் பிள்ளைகள் இருவர், சாச்சா மகன் ஒருவர். இன்று பேசுவது ஒரு வாய்தான். பேச்சு நால்வருடையது.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். நம் தைப்பிங் ஈயத்தால் உண்டான ஊர். ஈய லம்பத்துக்காகச் சண்டை போட்டு, 1874-இல் பங்கோர் ஒப்பந்தம் ஆன பிறகு, சமாதானம் என்று பொருள்படும் சீனப் பெயரை வைத்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக வந்தன. 1879-இல் சிறைச்சாலை, 1880-இல் லம்பக் குழிகளை மாற்றி ஏரித் தோட்டம், 1883-இல் அருங்காட்சியகம். அதே 1883-இல்தான் சென்ட்ரல் ஸ்கூல் என்ற பெயரில் நம் பள்ளியும் தொடங்கியது. பள்ளிக்கூடத்துக்கு நான்கு வருடம் முன்பே சிறைச்சாலையைக் கட்டிவிட்டார்கள் என்று எங்கள் வரலாற்று ஆசிரியர் ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் சொல்வார். குறும்பு செய்கிற பையனைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

1885 ஜூன் முதல் தேதி மலாயாவின் முதல் ரயில் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ஓடியது. எட்டு மைல் தூரம். ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோக. அந்த முதல் ரயில் நிலையம் இருந்த இடம் இப்போது பள்ளி வளாகத்துக்குள் வருகிறது. ஸ்டேஷன் இடம் மாறிப் போய்விட்டது, சாலைக்குப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. 1905-இல் இந்தச் சாலையில் புதுக் கட்டடமும் அப்போது ஆண்ட அரசரின் பெயரும் பள்ளிக்குக் கிடைத்தன. அதே 1905-இல்தான் கோலாகங்சாரில் மலாய்க் கல்லூரி தொடங்கினார்கள். அது விடுதிப் பள்ளி. மலாய் அரச குடும்பத்து, பெரிய வீட்டுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்த இடம். நம்முடையது அப்படி அல்ல. சைக்கிளில் வந்து, மணி அடித்ததும் சைக்கிளில் வீட்டுக்குப் போகிற பிள்ளைகளின் பள்ளி. இந்த வித்தியாசத்தைப் பிறகு சொல்லும் விஷயத்துக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பாட்டனார் ராமநாதபுரம் சீமையிலிருந்து, சண்டைக்கு முன், ரஜூலா கப்பலில் பினாங்கில் வந்து இறங்கியவர். அவர் படித்தது ஊரில் ஓதுகிற பள்ளி மட்டும். ஜப்பான்காரன் காலத்தில் கிங் எட்வர்ட் கட்டடம் கெம்பெய்தாய் என்னும் இராணுவப் போலீசின் தலைமையிடமாக இருந்தது. கடைச் சிப்பந்தியாக இருந்த பாட்டனார் சரக்குக் கொண்டுபோகும்போது அந்தச் சாலையில் போகாமல் சுற்றிக்கொண்டு போவாராம். சண்டை முடிந்து, மறுபடியும் பிள்ளைகள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்த பிறகும், பல வருடம் அவருக்கு அந்த வாசல் பக்கம் போகக் கால் வரவில்லையாம். அவருடைய மூன்று மகன்களின் கதைதான் இனி வருவது.

மூத்தவர் எங்கள் பெரியத்தா, மர்ஹூம். 1951-இல் பிறந்தவர். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தார். அந்தக் காலத்தில் ஆறாம் வகுப்பு முடித்தால் இடைநிலைப்பள்ளிக்கு நுழைவுத் தேர்வு ஒன்று உண்டு. தேறியவர்களைவிடத் தேறாதவர்களே அதிகம். தேறாத பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதில் பெரும்பாலும் படிப்பு முடிந்தது. பெரியத்தா 1963-இல் எழுதினார், தேறவில்லை. மறுநாளே கடைக்கு வந்துவிட்டார். 1964-இல் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். 1965 முதல் எல்லாப் பிள்ளைகளும் மூன்றாம் படிவம் வரை தடையில்லாமல் போகலாம் என்று ஆனது. இரண்டு வருடம் கழித்துப் பிறந்திருந்தால் அவரும் கிங் எட்வர்டில் உட்கார்ந்திருப்பார். அதைச் சொல்லி அவர் வருத்தப்பட்டு நாங்கள் கேட்டதில்லை. ஆனால் அந்த ஆண்டைச் சொல்லும்போது அவர் தயங்கியதே இல்லை. தன் நிக்காஹ் எந்த ஆண்டு என்றால் யோசிப்பார்.

அடுத்தவர் எங்கள் அத்தா. 1958-இல் பிறந்தவர். 1971-இல் முதலாம் படிவம். பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். 1973-இல் எல்.சி.இ., 1975-இல் எம்.சி.இ. எழுதினார். சீருடைக்கும் புத்தகத்துக்கும் பணம் கொடுத்தவர் பெரியத்தா. அண்ணன் மாதச் சம்பளக்காரர், தம்பி மாணவர். வயதில் ஏழு வருடம்தான் வித்தியாசம்.

மூன்றாமவர் சாச்சா, 1963-இல் பிறந்தவர். 1970-இல் ஆங்கிலப் பள்ளிகளில் முதலாம் வகுப்பிலிருந்து மலாய் மொழிக்கு மாறத் தொடங்கினார்கள். அந்த முதல் தொகுதியில் சாச்சா இருந்தார். அந்தத் தொகுதி 1976-இல் முதலாம் படிவத்துக்கு வந்தது, 1980-இல் எஸ்.பி.எம். எழுதியது. இவர்களுக்கு முன்னால் போக யாரும் இல்லை. பழைய தேர்வுத் தாள் கிடையாது, அண்ணன் படித்த புத்தகம் உதவாது. அத்தா அட்டை போட்டுப் பத்திரமாகக் கட்டிவைத்த ஆங்கிலப் புத்தகங்களைத் தம்பி பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி கட்டிவைத்தாராம். சில ஆசிரியர்களே முதல் நாள் இரவு மலாய்ச் சொற்களைப் படித்துக்கொண்டு மறுநாள் வகுப்புக்கு வந்தார்கள் என்று சாச்சா சொல்வார். 'வாத்தியாரும் நாங்களும் ஒரே வகுப்பில் படித்தோம்' என்பார்.

ஆக ஒரே வீடு, ஒரே கடை, ஒரே பள்ளி வாசல். ஒருவரை உள்ளேயே விடவில்லை, ஒருவர் ஆங்கிலத்தில் படித்தார், ஒருவர் மலாயில் படித்தார். மூவரில் யார் கெட்டிக்காரர் என்று கேட்டால், வியாபாரம் தெரிந்த யாரும் பெரியத்தாவைத்தான் சொல்வார்கள். அவரவர் பிறந்த வருடம் அவரவர் படிப்பைத் தீர்மானித்துவிட்டது.

இனி எங்கள் காலம். நாங்கள் படித்த பள்ளியின் குணத்தை ஒரு வார்த்தையில் சொல்லச் சொன்னால் மழை என்று சொல்வோம். தைப்பிங் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை எத்தனை மணிக்கு வரும் என்று அந்தக் காலத்தில் பந்தயம் கட்டிய ஊர் இது. திடல் காய்ந்து நாங்கள் பார்த்த நாட்கள் குறைவு. விளையாட்டுப் போட்டிக்கு நாள் குறித்தால் மழைக்கும் ஒரு நாள் சேர்த்துக் குறிப்பார்கள். புனித ஜார்ஜ் பள்ளியோடு பந்து விளையாடினால் இரண்டு அணியும் ஒரே சேற்று நிறத்தில் இருக்கும். யார் யாருக்குப் பந்தைத் தள்ளுகிறார் என்று தெரியாது.

அந்தச் சேற்றில் எங்களோடு நின்றவர்கள் யார் என்று பாருங்கள். கமுந்திங் இராணுவ முகாமிலிருந்து வந்த பிள்ளைகள், சிறைக் காவலர் பிள்ளைகள், ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வருபவர்கள். போர்ட் வெல்ட் இப்போது கோலா சபெத்தாங் ஆகிவிட்டது, அங்கே சதுப்புக் காட்டு மரத்தில் கரி சுடும் அடுப்புக்காரர் வீட்டுச் சீனப் பையன்கள். பசாரில் மீன் விற்பவர் மகன். வக்கீல் மகன், டாக்டர் மகன். தமிழ்ப்பள்ளியிலிருந்து புகுமுக வகுப்பு வழியாக ஒரு வருடம் தாமதித்து வந்த, எங்களைவிட ஒரு வயது மூத்த, மீசை அரும்பிய நண்பர்கள். ஆறாம் படிவத்தில் மட்டும் பெண் பிள்ளைகள். யாரும் தேர்ந்தெடுத்து இவர்களைச் சேர்க்கவில்லை. ஊரில் இருந்தவர்கள் வந்தார்கள்.

வியாபாரியாக ஒன்று சொல்கிறோம். எங்கள் கடன் நோட்டில் இன்று பெரிய தொகை நிற்கும் பெயர்களில் பாதி அந்தச் சேற்றில் நின்றவர்கள். சரக்கை இறக்கிவிட்டுப் பணத்துக்கு இரண்டு மாதம் காத்திருக்கிறோம் என்றால், வங்கியில் அவர் தாளைப் பார்த்து அல்ல, எட்டாவது நிமிடத்தில் பந்தை எங்களுக்குக் கொடுத்தாரா, தானே அடித்தாரா என்று தெரிந்ததால்தான். கரி அடுப்புக்காரர் மகன் இன்று கடல் சரக்கு மொத்த வியாபாரி. எங்கள் சின்னம்மா மௌத்தான அன்று ஜனாஸாவுக்கு முதலில் வந்து நின்ற வெளியாள் அவர்.

இப்போது கொஞ்சம் கஷ்டமான இடத்துக்கு வருகிறோம். சம்பந்தப்பட்டவரின் அனுமதி வாங்கிக்கொண்டுதான் சொல்கிறோம். அவர் இந்தச் சபையில் மூன்றாவது வரிசையில் இருக்கிறார்.

எங்கள் நால்வரில் மூத்தவர் பெரியத்தா மகன். 1998-இல் மூன்றாம் படிவம். பி.எம்.ஆர். தேர்வு முடிந்தது. முந்தின வருடம் தொடங்கிய பண நெருக்கடியில் வெள்ளியின் மதிப்பு விழுந்து, கடையில் சரக்கு வாங்கக் கையில் காசில்லை. இரண்டு சிப்பந்திகளை அனுப்பியாகிவிட்டது. பள்ளி அவரைப் போகச் சொல்லவில்லை. எல்.சி.இ., எஸ்.ஆர்.பி. காலத்தில் மூன்றாம் படிவத்தில் தேறாதவர் வெளியே போக வேண்டும், 1993-இல் பி.எம்.ஆர். வந்த பிறகு அந்தக் கதவும் திறந்தாகிவிட்டது. அவர் தேறவும் தேறியிருந்தார். நிறுத்தியது நாங்கள்தான், எங்கள் வீடுதான். பன்னிரண்டு வயதில் வாசலுக்கு வெளியே நின்ற அதே பெரியத்தா, தன் மகனைப் பதினைந்து வயதில் உள்ளேயிருந்து கூட்டிக்கொண்டு வந்தார். அண்ணன் அன்று சாயங்காலம் பள்ளிப் பையைக் கழுவிக் காயப்போட்டார். மறுநாள் அதில் பற்றுச் சீட்டுகளை வைத்துக்கொண்டார். அந்தப் பை பல வருடம் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கியது.

அடுத்த வருடம், 1999-இல், நாங்கள் இருவர், அத்தா மகனும் சாச்சா மகனும், முதலாம் படிவத்துக்குப் போனோம். நாங்கள் படித்தது மலாய்ப் பள்ளியில். தமிழ் வீட்டில் பேசுவோம், தமிழ் நேசன் தலைப்புகளை எழுத்துக்கூட்டி வாசிப்போம், அவ்வளவுதான். அரசாங்க இடைநிலைப்பள்ளியில் தாய்மொழி வகுப்புக்குச் சட்டத்தில் ஒரு கணக்கு உண்டு. குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும். கேட்டால் வகுப்பு உண்டு. எங்கள் தொகுதியில் பதின்மூன்று பேர் சேர்ந்திருந்தார்கள்.

தமிழாசிரியை ஒருவர் கடைக்கு வந்தார். மிளகாய் வாங்கத்தான் வந்தார் என்று நினைத்தோம்.

"பாய், உங்க வீட்டுல ரெண்டு பேர் இந்த வருஷம் நம்ம பள்ளிக்கூடத்துல சேர்ந்திருக்காங்களாமே. ரெண்டு கையெழுத்து போடுங்க. எனக்குப் பதினஞ்சு ஆயிடும்."

அத்தா யோசித்தார். வகுப்பு சனிக்கிழமை காலை. கடையில் அந்த வாரத்தின் பெரிய வியாபாரம் அன்றுதான். "சமய வகுப்பு இருக்கு, ஜாவி எழுத்து வேற படிக்கணும், அதுங்களுக்கு எதுக்கு டீச்சர் இன்னும் ஒரு பாரம்?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தமிழ் முஸ்லிம் பிள்ளை பள்ளியில் மலாய்ப் பிள்ளைகளோடு சமய வகுப்பில் உட்காருகிறான், இந்தியப் பிள்ளைகளோடு தமிழ் வகுப்பில் உட்காருகிறான், இரண்டு இடத்திலும் 'நீ இங்கேயா?' என்று ஒரு பார்வை வரும். இதை அனுபவித்தவர்கள் இந்தச் சபையில் நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

பெரியத்தா அதுவரை பேசவில்லை. தராசில் இருந்ததைக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.

"சனிக்கெழம ரெண்டு மணி நேரம் நான் நிக்கிறேன். பாரத்தைக் குடுங்க டீச்சர்."

அத்தாவின் இடத்தில் கையெழுத்துப் போட அவருக்கு உரிமை இல்லை. அத்தாவும் சாச்சாவும்தான் போட்டார்கள். ஆனால் எங்கே போடவேண்டும் என்று விரலை வைத்துக் காட்டியவர் பெரியத்தா.

நாங்கள் நல்ல மாணவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாம் மாதமே வகுப்பைப் போக்குக்காட்டிவிட்டு ஏரித் தோட்டத்துக்குப் போய்விட்டோம். நாற்பது பேர் வகுப்பில் இரண்டு பேர் இல்லையென்றால் தப்பலாம். பதினைந்தில் முடியாது. டீச்சர் பிரம்பை எடுக்கவில்லை. சாயங்காலம் கடைக்கு வந்து மறுபடியும் மிளகாய் வாங்கினார், ஒன்றும் சொல்லாமல் போனார். அதற்குப் பிறகு நாங்கள் ஏரிப் பக்கம் போனது பள்ளியின் நெடுந்தூர ஓட்டத்துக்குத்தான். ஐந்தாம் படிவம் வரை தமிழ் படித்து, 2003-இல் எஸ்.பி.எம். தேர்வில் தமிழும் எழுதினோம். பதினைந்தில் கடைசிவரை நின்றவர் ஒன்பது பேர்.

தேர்வு முடிவு வந்த அன்று பெரியத்தா எங்களோடு வந்தார். சிற்றுண்டிச்சாலைக்கு அரிசி இறக்க எத்தனையோ தடவை பின்வாசலில் லோரியோடு வந்தவர்தான். முன்வாசலில் வந்தது அன்றுதான். சொங்கோக் அணிந்து, பெருநாள் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். முடிவுத் தாளை வாங்கிப் பார்த்தார், பிறகு "முதலாம் படிவம் எந்த வகுப்பு?" என்று கேட்டார். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மின்விசிறி ஓடாது போல இருக்கே" என்றார். திரும்பிவிட்டோம்.

எங்கள் நால்வரில் இளையவர் 2003-இல் முதலாம் படிவம். அந்த ஆண்டுதான் அறிவியலும் கணிதமும் மறுபடி ஆங்கிலத்தில் என்று தொடங்கினார்கள். சாச்சாவின் மலாய்ப் புத்தக அறிவு அவருக்கு உதவவில்லை. அத்தா பரணிலிருந்து 1970-களின் அட்டைப்பெட்டியை இறக்கினார். முப்பது வருடம் கழித்து அந்த ஆங்கிலச் சொற்களுக்கு வேலை வந்தது. கடை சாத்தின பிறகு, இரவு பத்து மணிக்கு, மூட்டைமேல் உட்கார்ந்து அத்தா அறிவியல் பாடம் சொல்லிக்கொடுத்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அதற்கு முன் பார்த்ததில்லை. சில வருடத்தில் அந்தத் திட்டத்தையும் மாற்றினார்கள். பெட்டி பரணுக்குப் போய்விட்டது.

எங்களில் ஒருவர் ஈப்போ உங்கு ஓமார் பொலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளமா படித்தோம். 1969-இல் தொடங்கிய, நாட்டின் முதல் பொலிடெக்னிக் அது. பல்கலைக்கழகம் இல்லையா என்று கேட்டவர்கள் உண்டு. டிப்ளமா வாங்கிக்கொண்டு கடைக்கே திரும்பி வந்தபோது, இதற்கா மூன்று வருடம் என்று கேட்டவர்களும் உண்டு. முதல் மாதத்தில் மசாலா மில்லின் மோட்டார் நின்றது. வழக்கமாகப் பினாங்கிலிருந்து ஆள் வரவேண்டும், மூன்று நாள் மில் நிற்கும். அன்று பிற்பகலே ஓடியது. பெரியத்தா கைக்குட்டையால் மோட்டாரைத் துடைத்துவிட்டு, கேட்டவர்களுக்கு அவரே பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்.

இந்த மலருக்காகச் சங்கத்தின் பழைய ஏடுகளைத் தேடியபோது, முதல் கூட்டக் குறிப்பேடு அலமாரியின் அடித்தட்டில் கிடைத்தது. 1974-இல் எழுதத் தொடங்கியது. முழுக்கத் தமிழ், பெரியத்தா கையெழுத்து. அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது, சங்கத்தின் துணைச் செயலாளர். மலர்க் குழுவில் இருந்த இளைஞர்கள் படித்தவர்கள், பட்டதாரிகள். அதை வாசிக்க அவர்களில் பலரால் முடியவில்லை. எங்களிடம் கொண்டுவந்தார்கள். பதினைந்தில் இரண்டு பேர் நாங்கள்தானே.

கல்வி பற்றி மூன்று தீர்மானங்கள் இருந்தன. ஒன்று, பள்ளி செல்லும் உறுப்பினர் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இருமுறை எழுதும் நோட்டுகள் வாங்கிக் கொடுப்பது. இரண்டு, தேர்வுக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்குச் சங்கம் கட்டுவது. மூன்றாவதன் மேல் கோடு போட்டு அடித்திருந்தார்கள். ஆனால் படிக்க முடிந்தது. 'உறுப்பினர் எவரும் பிள்ளையைப் படிப்பு முடியுமுன் கடைக்கு எடுத்தால் சங்கத்துக்குக் காரணம் தெரிவிக்க வேண்டும்.' ஓரத்தில், வேறு மையில், 'குடும்ப விஷயம், சபை ஏற்கவில்லை' என்று ஒரு வரி.

எழுதியவரும் அவரே. இருபத்து நான்கு வருடம் கழித்துத் தன் மகனை எடுத்தவரும் அவரே. அண்ணனிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினோம். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். "அத்தா எங்கிட்ட ஒரு தடவை காரணம் சொன்னாங்க" என்றார். என்ன காரணம் என்று நாங்கள் கேட்கவில்லை. கடை நிலவரம் எங்களுக்கும் தெரிந்ததுதானே. அண்ணன் மகள் இப்போது நான்காம் படிவம். அவள் பள்ளிப் பையை அண்ணன் கல்லாப் பக்கம் வைக்க விடுவதில்லை.

செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். நம் கல்வி நிதி இன்று பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு மட்டும் போகிறது. மேடையில் காசோலை கொடுத்துப் படம் பிடிக்க அதுதான் வசதி. ஆனால் நம் பிள்ளைகள் நழுவுவது அதற்கு முன்னால். ஆறாம் வகுப்புத் தேர்வை 2021-இல் எடுத்துவிட்டார்கள், மூன்றாம் படிவத் தேர்வை 2022-இல் எடுத்துவிட்டார்கள். தேர்வு இல்லாதது நல்லது என்று பிள்ளைகள் சொல்வார்கள், நாங்களும் அந்த வயதில் சொல்லியிருப்போம். பெரியத்தாவை வெளியே நிறுத்தியதே ஒரு தேர்வுதான். இருந்தாலும் அதற்குப் பிறகு ஒரு பிள்ளை எழுதும் முதல் பொதுத்தேர்வே எஸ்.பி.எம். என்று ஆனது. பின்தங்கியிருந்தால் பதினேழு வயதில்தான் பெற்றோருக்கே தெரியவருகிறது. அதற்குள் பையன் மனத்தளவில் கடைக்கு வந்துவிட்டிருப்பான், அல்லது உணவு விநியோக மோட்டார் சைக்கிளில் ஏறியிருப்பான். இரண்டாம், மூன்றாம் படிவத்துப் பிள்ளைகளுக்கு நிதியிலிருந்து ஒரு பங்கு ஒதுக்குங்கள். பொலிடெக்னிக், தொழிற்கல்லூரி போகிறவர்களையும் அதே மேடையில் ஏற்றுங்கள். அடித்த மூன்றாவது தீர்மானத்தைத் திரும்ப எழுதச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அதை அடுத்த கூட்டத்தில் ஒருமுறை வாசியுங்கள் என்று கேட்கிறோம். வாசிக்க ஆள் இல்லையென்றால் கூப்பிடுங்கள், வருகிறோம்.

இன்னும் ஒரு விஷயம், இது அவசரமானது. நம் ஊர் இடைநிலைப்பள்ளிகளில் ஒன்றில் இந்த ஆண்டு முதலாம் படிவத் தமிழ் வகுப்புக்கு இதுவரை பதினொரு பெயர் சேர்ந்திருக்கிறது. நான்கு பெயர் வேண்டும். மலாய்ப் பள்ளியில் படித்த பிள்ளையும் சேரலாம், நாங்களும் அப்படித்தான் சேர்ந்தோம். சனிக்கிழமை கடைக்கு ஆள் இல்லை என்று யாராவது சொன்னால், எங்கள் மூன்றாவது வரிசை அண்ணன் இரண்டு மணி நேரம் உங்கள் கடையில் வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பாரம் வாசல் மேசையில், பேரீச்சம்பழத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் டீச்சரிடம் கொடுத்தாக வேண்டும்.